கடைக்காரர் ஏன் வரவில்லை?

அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸின் ‘இரு பாத்திர நாடகம்’ பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் வருவது ஒரே கேள்விதான். கதவு பூட்டியா இருக்கிறது, அந்த இரண்டு பேரும் ஏன் வெளியே வரமாட்டேன் என்கிறார்கள்? இதற்குப் பதிலாகச் சிலர் பயம் என்பார்கள், சிலர் மனநோய் என்பார்கள், ஒருவரை ஒருவர் தின்று தீர்க்கிற பாசம் என்பவர்களும் உண்டு. பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், கடலை ஒட்டிய எங்கள் ஊரில் நாங்கள் சிலர் கூடி அதைத் தமிழில் வாசித்த நாளிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு மனசு ஒப்புவதில்லை. எங்கேயோ தப்பான பக்கத்தில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியாகத் தோன்றுகிறது. ஏன் அப்படித் தோன்றுகிறது என்பது எழுதிப் பார்த்தால்தான் தெளியும் போலிருக்கிறது.

நாடகத்தைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். ஃபெலிஸ், கிளேர் இருவரும் உடன்பிறந்தவர்கள், நடிகர்கள். ஊர் ஊராகப் போகும் நாடகக் குழு அவர்களுடையது. ‘நீங்கள் இரண்டு பேரும் பைத்தியம்’ என்று ஒரு தந்தியை அடித்துவிட்டுக் குழுவில் இருந்த மற்ற எல்லோரும் போய்விடுகிறார்கள். எந்த ஊர் என்றே தெரியாத ஓர் ஊரில், குளிர் பிடித்த ஓர் அரங்கில், ஃபெலிஸ் எழுதிய நாடகத்தை இவர்கள் இருவர் மட்டும் நடிக்க வேண்டியிருக்கிறது. அந்த உள்நாடகத்திலும் இவர்கள் பெயர் ஃபெலிஸ், கிளேர்தான். அமெரிக்காவின் தென்பகுதியில் நியூ பெதஸ்டா என்ற ஊரில் ஒரு வீடு. அப்பா அம்மாவைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அப்படிச் செத்தால் பணம் கிடையாது என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். வீட்டில் சாப்பிட ஒன்றும் இல்லை. கிராஸ்மன் என்பவரின் மளிகைக் கடைக்குப் போய்க் கடன் சொல்லிச் சாமான் வாங்க வேண்டும். கிளம்புகிறார்கள், வாசலைத் தாண்டப் பார்க்கிறார்கள், திரும்பி வந்துவிடுகிறார்கள். முற்றத்தில் வீட்டைவிட உயரமாக இரட்டைத் தலையோடு ஒரு சூரியகாந்தி வளர்ந்து நிற்கிறது. உள்ளே அப்பாவின் துப்பாக்கி இருக்கிறது. மொத்தக் கதையும் இவ்வளவுதான்.

வில்லியம்ஸ் இதை விடவே இல்லை. 1967 டிசம்பரில் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் முதல்முறை மேடையேறியது. மாற்றி எழுதி வேறு தலைப்போடு 1973-இல் நியூயார்க்கின் பிராட்வேக்குக் கொண்டுபோனார், பன்னிரண்டு காட்சிகளோடு மூடிவிட்டார்கள். 1975-இல் பழைய தலைப்புக்கே திரும்பி மறுபடியும் திருத்தினார். பெரும் வெற்றிகளை எல்லாம் பார்த்த ஒருவர், யாரும் விரும்பாத ஒன்றை வருடக்கணக்காக மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா ரோஸ் 1909-இல் பிறந்தவர், அவர் 1911-இல். ரோஸுக்கு 1943-இல் மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மனநோயைத் தீர்க்கும் என்று அந்தக் காலத்தில் நம்பிய சிகிச்சை அது. அதற்குப் பிறகு ரோஸால் தனியாக வாழவே முடியவில்லை, 1996-இல் இறக்கும் வரை பிறர் பராமரிப்பில்தான் இருந்தார். தம்பி 1983-லேயே போய்விட்டார். இந்த வரலாறு மனசில் இருந்ததால் நாங்கள் தமிழில் ஃபெலிஸைத் தம்பியாகவும் கிளேரை அக்காவாகவும் வைத்துக்கொண்டோம்.

வலை பின்னும் கூடத்தில்

வாசிப்பு நடந்தது ஊர் வலை பின்னும் கூடத்தில். கிளேருக்கு வாசித்தவர் ஒரு நர்ஸ். ஃபெலிஸுக்கு வாசித்த தம்பி ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். நாடகத்தில் கிளேர் ஒரு பகுதியை வெட்ட நினைத்தால் பியானோவில் ஒரு கட்டையைத் தட்டுவாள். பியானோவுக்கு நாங்கள் எங்கே போவது? திருவிழா நாடகங்களுக்கு வாசிக்கிற ஒருவர் தன் ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து உட்கார்ந்துகொண்டார். நர்ஸ் கையைத் தூக்கினால் அவர் ஒரு சுரத்தை அழுத்துவார். அந்த ஒற்றைச் சுரம் அவ்வளவு பொருத்தமாக விழுந்தது, பியானோவில் கேட்டிருந்தால்கூட எனக்கு அந்த நடுக்கம் வந்திருக்காது.

கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் பாசி எடுக்கப் போகிற பெண்கள். வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்கு இந்த வேலை தெரிந்திருக்காது. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு மூச்சை அடக்கி முங்கி, பாறையில் இருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுப்பார்கள். 1986-இல் அந்த இருபத்தொரு தீவுகளும் தேசியப் பூங்கா ஆனதில் இருந்து இந்தப் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இருக்கிற இழுபறி தனிக்கதை. இவர்கள் திருவிழாக்களில் விடிய விடிய நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள். வள்ளி திருமணத்தில் பபூன் எப்போது வருவார், எந்த இடத்தில் பாட்டை இழுப்பார்கள் என்று எல்லாமே தெரியும். அதனால் எங்கள் வாசிப்பையும் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கவில்லை, நடுவில் நடுவில் பேசினார்கள்.

உடன்பிறந்தவர்கள் கதை என்றதும் அவர்கள் எதிர்பார்த்தது நல்லதங்காளை. எங்கள் பக்கத்தில் அந்தக் கதைக்கு இருக்கிற பிடிமானம் சாதாரணமானது அல்ல. பஞ்சத்தில் மானாமதுரையில் இருந்து ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அர்ச்சுனாபுரத்து அண்ணன் வீட்டுக்கு நடந்து வருகிறாள் நல்லதங்காள். அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி கதவை அடைக்கிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள் நல்லதங்காள். அண்ணன் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றையும் கெடுத்தவள் அண்ணி. இந்த வார்ப்பு கேட்பவர்களின் ரத்தத்தில் ஊறியது. அதனால் ஃபெலிஸும் கிளேரும் மாறி மாறிப் பேசிக்கொண்டே போகப் போக, கூடத்தில் ஒரு தவிப்பு வந்துவிட்டது. அண்ணி எப்போது வருவாள்? இவர்களைப் பிரிக்கிற ஆள் யார்? யாரைத் திட்டுவது? ஒரு பாட்டி என்னிடமே மெதுவாகக் கேட்டுவிட்டார், “இந்தப் பயலுக்குப் பொஞ்சாதி கிடையாதா டீச்சர்?” கிடையாது பாட்டி என்றதும் அவருக்குக் கதையிலேயே நம்பிக்கை போனது.

மளிகைக் கடைக்குக் கிளம்புகிற காட்சி வந்தது. போய் என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிப் பழகிக்கொள்கிறார்கள். இன்ஷூரன்ஸ் பணம் வரப்போகிறது என்று சொல்லலாமா, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, யார் முதலில் பேசுவது என்று ஒவ்வொன்றாக. அப்புறம் வாசல்வரை போகிறார்கள். கிளேரால் முடியவில்லை. ஃபெலிஸ் தனியாக வெளியே போய் நிற்கிறான், அவனாலும் முடியவில்லை. கூடம் அமைதியாகிவிட்டது. ஆர்மோனியக்காரர் கைகூடத் துருத்தியில் அசையாமல் நின்றது. அப்போது பாசி எடுக்கிற ஒரு அக்கா, நடுவயதுக்காரர், யாரையும் பார்க்காமல் கேட்டார்: “இத்தன நாளா இந்தப் பிள்ளைக கடைக்கு வரலையே, என்ன ஏதுன்னு அந்தக் கடைக்காரன் ஏன் வந்து பாக்கல?”

நர்ஸ் பிரதியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைய வாசிப்பில் அதற்குமேல் நாங்கள் படித்த எதுவும் என் காதில் சரியாக ஏறவில்லை.

மேடையில் இல்லாத ஆள்

கிராஸ்மன் மேடைக்கு வருவதே இல்லை. உதவிக் கழகம் ஒன்றின் பெயர் ஓரிடத்தில் அடிபடுகிறது, ஆளாக யாரும் வருவதில்லை. பக்கத்து வீட்டார், போதகர், போலீஸ் என்று அந்த ஊரே இவர்களுடைய பேச்சில் மட்டும்தான் இருக்கிறது. இரண்டே பாத்திரம் என்பது செலவைக் குறைக்கவோ திறமையைக் காட்டவோ செய்த ஏற்பாடு இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. ஓர் ஊர் முழுக்க விலகிக்கொண்டால் மேடையில் மிச்சம் இருக்கப்போவது இரண்டு பேர்தான். வெளிநாடகத்திலும் அதுதானே நடந்திருக்கிறது? ஒரு தந்தியை அடித்துவிட்டுப் போனவர்கள் அந்தக் குழுக்காரர்கள். பைத்தியம் என்று பெயர் வைத்தது அவர்கள் கிளம்புவதற்கு வசதியாக இருந்தது. விமர்சனங்கள் அந்தத் தந்தியை நோயைக் கண்டுபிடித்த சான்றிதழ் மாதிரி எடுத்துக்கொள்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. தந்தியை எழுதியவர்கள் ஓடிப்போகிறவர்கள். அவர்கள் பேச்சை எதற்கு நம்ப வேண்டும்?

நல்லதங்காள் கதையில் கதவை அடைப்பவளுக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு முகம் உண்டு. நாம் அவளைத் திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். வில்லியம்ஸ் அந்த நிம்மதியைத் தரமாட்டேன் என்கிறார். பாட்டிக்குக் கதையில் நம்பிக்கை போனது அதனால்தான். மூளி அலங்காரியின் இடத்தில் ஒரு மளிகைக் கடையும் அதன் கடன் கணக்கும் உட்கார்ந்திருக்கின்றன.

கடன் கணக்கு எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். என் சின்ன வயசில் எங்கள் தெருவில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அவர்களை அடையாளம் காட்டக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். அவர்களுடைய அப்பா வாடைக்காற்று நேரத்தில் நாட்டுப்படகில் போனவர், திரும்பவில்லை. படகின் பலகைகள் கிடைத்தன, ஆள் கிடைக்கவில்லை. கடற்கரை ஊர்களில் இது என்ன மாதிரி நிலை என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். உடல் கிடைக்காதவர் செத்தவர் இல்லை. ஏழு வருடம் அவரைப் பற்றித் தகவலே இல்லை என்றால்தான் இறந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு. இப்போது வந்திருக்கிற புதிய சட்டத்திலும் அந்த ஏழு வருடம் அப்படியே இருக்கிறது. 2017-இல் ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு அவ்வளவு காலம் காக்க வைக்காமல் நிவாரணம் கொடுத்தார்கள். நான் சொல்கிற குடும்பத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. சான்றிதழ் இல்லை, அதனால் இன்ஷூரன்ஸும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. அம்மா தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்பதே முடிவாகாமல் இருந்து, ஏழு வருடம் முடிவதற்குள் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நியூ பெதஸ்டாவில் செத்த விதத்தைக் காட்டிப் பணத்தை மறுத்தார்கள். இங்கே செத்தாரா என்பதே கேள்வி. இரண்டு இடத்திலும் தாளில் எழுதியிருக்கிற ஒரு விதி, மிச்சமிருக்கிற பிள்ளைகள் ஊரை நேராகப் பார்க்க முடியாதபடி செய்துவிடுகிறது. அப்பாவின் பெயரில் எங்கள் தெருக் கடையில் பற்று நோட்டு ஒன்று இருந்தது. படகு வந்ததும் அடைப்பார், மறுபடியும் ஏறும். அப்பா காணாமல் போன பிறகு அந்த அக்கா அரிசி வாங்கப் போனபோது கடைக்காரர் கோபப்படவே இல்லையாம். “அப்பா வந்துரட்டும்மா, பாத்துக்கலாம்” என்றாராம். ஆறுதல் மாதிரியும் இருக்கிறது, அரிசி கிடையாது என்பதும் அதிலேயே இருக்கிறது. வருவார் என்று நம்பினால் காத்திருக்க வேண்டும். வரமாட்டார் என்று சொன்னால், பெற்ற மகளே அப்பாவைக் கொன்ற மாதிரி. அந்த அக்கா அதற்குப் பிறகு அந்தக் கடைப்படி ஏறவில்லை. கொஞ்ச நாளில் தெருவில் இறங்குவதையும் விட்டுவிட்டார். கடைக்காரர் கெட்டவர் இல்லை. வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று அவரிடம் கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்காது.

உள்ளே என்ன நடந்தது

வெளியே இருந்து பார்த்தவர்கள் அவர்களை ‘ஒரு மாதிரி’ என்றார்கள். நான் உள்ளே போய்ப் பார்த்தவள். காசு கொடுத்துக் கடைக்கு அனுப்ப அவர்களுக்கு ஒரு சின்னப் பிள்ளை தேவைப்பட்டது, அந்தப் பிள்ளை நான்தான். அக்கா பனை ஓலையில் பெட்டி பின்னுவார். தம்பி ஓலையை நனைத்து வைப்பார், ஈர்க்கை நீக்குவார், ஒரே அகலத்தில் வகிர்ந்து கொடுப்பார். அவருக்குப் பின்னத் தெரியாது, அக்காவுக்கு வகிரத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளும் ஆசையும் இரண்டு பேருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. முடிந்த பெட்டிகளை வியாபாரி ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். சாமான் சுற்றி வருகிற காகிதங்களைத் தம்பி நீவி எடுத்து வைத்திருந்து சாயந்திரத்தில் சத்தமாகப் படிப்பார். பாதிச் செய்தியில் காகிதம் கிழிந்திருந்தால் மீதியை அக்கா சொல்வார். எந்தக் காற்று அடிக்கிறது, கச்சானா கொண்டலா என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வரும். கடலைப் பார்த்தே வருடக்கணக்காகியும் சத்தத்தை வைத்தே சொல்வார்கள், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். கடலுக்குப் போகவே மாட்டேன் என்று தம்பியிடம் அக்கா சத்தியம் வாங்கியிருந்தார். அக்காவுக்கு வந்த சம்பந்தங்களை அக்காவே வேண்டாம் என்றார். தம்பியை விட்டுவிட்டு எப்படி என்றார். அக்காவைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று தம்பி வேறெங்கும் வேலைக்குப் போகவில்லை. ஒருவரை ஒருவர் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்று ஊர் சொன்னது. ஒருவர் விட்டிருந்தால் மற்றவர் என்ன ஆகியிருப்பார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த வீட்டில் பயம் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. கதவை யாராவது தட்டினால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சில நாள் அக்கா ஒரு சின்ன விஷயத்துக்காகத் தம்பியை மணிக்கணக்கில் திட்டுவார், தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிளேரும் ஃபெலிஸும் ஒருவரை ஒருவர் குத்திக் குத்திப் பேசுகிற இடங்களைப் படிக்கும்போது எனக்கு அந்தக் குரல்கள்தான் கேட்கின்றன. ஆனால் அந்த வீட்டில் சிரிப்பும் இருந்தது. நாடகத்தில் ஃபெலிஸ் சோப்பு நுரையில் குமிழி ஊதுகிற இடம் வரும். பல தயாரிப்புகளில் அதைப் புத்தி பேதலித்ததன் அடையாளமாக நடிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் ஐஸ் கம்பெனித் தம்பியிடம் அதை விளையாட்டாகவே வாசியுங்கள் என்று சொன்னேன். வாழ்க்கை முழுக்க ஒரே ஆளோடு இருக்கிறவர்களுக்கு விளையாட்டு வேண்டாமா?

பின்னால் அந்தக் கடை கைமாறியது. கடைக்காரரின் மருமகள் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். அவர் வந்த புதிதில் ஒருநாள் பற்று நோட்டை எடுத்துக்கொண்டு நேராக அந்த வீட்டு வாசலுக்கு வந்தார். நான் உள்ளேதான் இருந்தேன். அப்பா பெயர் இருந்த பக்கத்தை விட்டுவிட்டுப் புதுப் பக்கத்தைத் திறந்து, “அக்கா, ஒங்க பேர்ல எழுதிக்கிறேன், என்ன வேணும்னு சொல்லுங்க” என்றார். தம்பிதான் கதவைத் திறந்தது. அக்கா உள்ளே இருந்தபடியே அரிசி, புளி, சீரகம் என்று சொன்னார், குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அதற்குப் பிறகும் அவர்கள் பெரிதாக வெளியே வந்துவிடவில்லை. எப்போதாவது தம்பி கடைவரை வருவார், அவ்வளவுதான். வெளியே வந்தே ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்? அவர்களுக்கு வேண்டியிருந்தது அக்காவின் பெயரில் ஒரு பக்கம்.

கடைசிக் காட்சி

இனி முடிவுதான் எங்களுக்குள் சண்டை. உள்நாடகம் முடியாமல் நின்றுபோகிறது, பார்வையாளர்கள் எழுந்து போய்விட்டார்கள், அரங்கின் கதவுகள் வெளியே பூட்டிக் கிடக்கின்றன, குளிர் ஏறுகிறது. நாடகத்துக்குள்ளே திரும்பப் போய்விடலாம் என்று இருவரும் முடிவுசெய்கிறார்கள். கிளேர் துப்பாக்கியை எடுத்துத் தம்பியை நோக்கி நீட்டுகிறாள், முடியவில்லை. ஃபெலிஸ் எடுத்து அக்காவைச் சுடப் பார்க்கிறான், அவனாலும் முடியவில்லை. கட்டிக்கொள்கிறார்கள், வெளிச்சம் குறைகிறது. நர்ஸுக்கு இது தோல்வி. சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் என்கிறார். இப்படிப்பட்ட வீடுகளுக்குள் போய்ப் பார்க்கிற வேலை அவருடையது, அவர் சொல்வதை லேசாகத் தள்ள முடியாது. யாராவது ஒருவரைத் தனியாக வெளியே கொண்டுவந்தால்தான் இருவருமே பிழைப்பார்கள் என்று அவர் உறுதியாக நம்புகிறார்.

பாசி எடுக்கிற அக்கா வேறு மாதிரி பார்த்தார். கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்ததும், “சுடலைல்ல? அப்ப சரி” என்றார். பிறகு தன் வேலையை வைத்தே விளக்கினார். முங்கும்போது கூட வருகிற ஆள் மேலே வருகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் தாமதமானால் போய் இழுக்க வேண்டும். “அத நாங்க பாசம்னா சொல்றோம்? அது வேல” என்றார். நான் இந்தப் பேச்சின் பக்கம் நிற்கிறேன். அந்த இருவரும் கடைசிவரை ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். அப்பா செய்ததைத் தாங்கள் செய்யமாட்டோம் என்று அந்த வீட்டில் முதல்முறையாக ஒரு தலைமுறை துப்பாக்கியைக் கீழே வைக்கிறது. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை. விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஊரில் ஆள் இருப்பார்கள். அப்போது இதை முழு நாடகமாகப் போடலாம் என்று இருக்கிறோம். ஆர்மோனியக்காரர் ஒரு யோசனை சொன்னார், மேடை ஓரத்தில் கடைக்காரராக ஒருவரை ஆரம்பம் முதல் கடைசிவரை வாய் திறக்காமல் உட்கார வைக்கலாம் என்று. நல்ல யோசனைதான், ஆனாலும் வேண்டாம் என்றேன். ஓர் ஆளை உட்கார வைத்துவிட்டால் மறுபடியும் மூளி அலங்காரி வந்துவிடுவாள், எல்லோரும் அவரைத் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வில்லியம்ஸ் எழுதியபடி இரண்டே பேர் போதும். மேடை கட்டவும் வேண்டாம். கூடத்தின் நடுவில் வாசலுக்கு ஒரு நிலைச்சட்டத்தை மட்டும் நிறுத்தி, பாய்களை அந்த வாசற்படிவரைக்கும் நெருக்கிப் போடுவோம். கூடத்து விளக்குகளை அணைக்க மாட்டோம். கடைக்குப் போக முடியாமல் ஃபெலிஸ் வெளியே வந்து நிற்கும்போது முன்வரிசைக்காரர்களின் முழங்காலில் அவன் கால் படும். இதற்கு மட்டும் நர்ஸும் ஒத்துக்கொண்டுவிட்டார். முடிவைப் பற்றி ஒத்திகையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.